ஆறடி மூன்றங்குல விருந்தாளி

கூடைப்பந்தில் கார்ட் என்பவன், எதிரிகளுக்கு நடுவால் பந்தைப் பத்திரமாகக் கொண்டுபோய், கூடைக்குக் கீழே நிற்கும் நெட்டையனிடம் ஒப்படைத்துவிட்டு, கைதட்டு நெட்டையனுக்கு விழுவதைப் பார்த்து மகிழ வேண்டியவன். இந்த உத்தியோகத்தை விக்னராஜா ஐந்தடி ஏழு அங்குல உயரத்தில் இருந்துகொண்டு, எழுபத்தோராம் ஆண்டிலிருந்து ஆஸ்திரேலியாவில் பார்த்துவந்தார்.

இலங்கை அணிக்கு ஆடியவர் என்று சிட்னியில் ஒரு கழகம் அவரை ஆரத்தழுவியது. அடுத்த பருவம் கையை எடுத்துக்கொண்டது. இன்னொரு கழகம் டயர்க் களஞ்சியத்தில் வேலையும் பெற்றோல் காசும் கொடுத்தது. அந்தக் காலத்தில் தொழில்முறை ஆட்டம் என்பது அவ்வளவுதான். பிறகு மெல்பேர்ன், அங்கேயும் இரண்டு கழகங்கள். விடைகொடுக்கும்போது எல்லோரும் ஒரே நற்சாட்சிப் பத்திரத்தைத்தான் வாசித்தார்கள்: “நல்ல மனுசன், விக்.” நல்ல ஆட்டக்காரன் என்று ஒருவரும் வாய்தவறியும் சொல்லவில்லை.

எழுபத்தொன்பதில் நாடு முழுவதுக்குமான போட்டி முதன்முதலாகத் தொடங்கவிருந்தது. அதில் ஒரு பருவமாவது ஆடிவிட வேண்டும். அதன் பிறகு முழங்கால் கழன்று விழுந்தாலும் பரவாயில்லை என்றிருந்தார் விக்னராஜா. அவருடைய அப்போதைய கழகமான பெலிக்கன்ஸுக்கு அதில் இடம் கிடைத்தது. பயிற்சியாளர் யானிஸ், லத்வியாவிலிருந்து வந்து குடியேறியவர், அவருடைய தோளில் கைபோட்டார்.

“அமெரிக்காவில இருந்து ஒருத்தன் வாறான், விக். ஃபிளாட் இன்னும் ரெடியில்லை. ரெண்டு கிழமை உன்ர வீட்டில வைச்சிரு.”

விமான நிலையத்தில் டுவெய்ன் உடம்பை மடித்துக் காருக்குள் ஏறியதைக் கண்டதும் விக்னராஜாவுக்குப் புல்லரித்தது. ஆறடி மூன்றங்குலம்! கொழும்பில் இந்த உயரத்தில் ஒருவன் அகப்பட்டால் கூடைக்கடியில் நட்டுவிடுவார்கள். அவன் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடிவருவான் என்று நினைப்பது, தென்னை மரம் தபால் கொண்டுவரும் என்று நினைப்பது போன்றது. ஆகவே ‘நீ எந்த இடத்தில் ஆடுவாய்?’ என்று அவர் கேட்கவேயில்லை. வந்த விருந்தாளியிடம் தகுதி விசாரிப்பது அழகுமல்ல.

விருந்தாளியோ கேட்டுக்கொண்டேயிருந்தான். எந்தச் சைகைக்கு யார் எங்கே ஓடுவார்கள்? எவனுக்குப் பந்தைத் தாழ்வாகக் கொடுக்க வேண்டும்? ஒரு நெட்டையனுக்கு இவ்வளவு கல்வித் தாகமா என்று விக்னராஜா உருகிப்போனார். தேத்தண்ணிக் கோப்பைகளைச் சாப்பாட்டு மேசையில் அணியாக நிறுத்தி, எட்டு ஆண்டுகளில் சேர்த்த வித்தை முழுவதையும் சொல்லிக்கொடுத்தார். மனைவி யோகராணி குசினி வாசலில் நின்று பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு இறால் பொரிக்கப் போய்விட்டார்.

முதல் பயிற்சியன்று யானிஸ் பந்தை டுவெய்னிடம் எறிந்தார். தென்னை மரம் பந்தைத் தட்டியது. கால்களுக்கிடையால் விட்டு எடுத்தது. விக்னராஜாவின் சைகைகளைக் காட்டிக்கொண்டு விக்னராஜாவின் பாதையிலேயே ஓடியது.

“அது என்ர இடம்” என்றார் விக்னராஜா.

யானிஸ் திகைத்தார். “இந்தமுறை அணிக்கு உன்னை எடுக்கயில்லை எண்டு உன்ர மனுசி யோகாவிட்டைச் சொன்னனே. ஆறுதலாச் சொல்லுறன் எண்டாவே?”

வீட்டில் யோகராணி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

“உமக்குத் தெரியுமே?”

“ஓம். அவன் வாறதுக்கு முதலே போன் வந்தது.”

“தெரிஞ்சு கொண்டுதான் இறால் பொரிச்சனீரோ?”

“சொல்லத்தான் இருந்தனான். நீங்கள் கோப்பையளை வைச்சுக்கொண்டு பாடம் எடுக்கேக்க உங்கட முகத்தைப் பாக்கோணும். கலியாணத்தண்டு கூட அப்பிடி இருக்கேல்லை. எனக்கு வாய் வரேல்லையப்பா.”

எதிரில் நின்று இடித்தவர்களை விக்னராஜா நிறையப் பார்த்திருக்கிறார். குசினிக்குள்ளிருந்து வந்த இடி இதுதான் முதல் தடவை.

இரவுச் சாப்பாட்டில் டுவெய்ன் தலைகுனிந்திருந்தான். “தெரிஞ்சுதான் சொல்லித் தாறீங்கள் எண்டு நினைச்சன், விக். என்ன மனுசன் இவர் எண்டு ஊருக்குக் கூடக் கடிதம் எழுதினன்.” பிறகு, தொழில் விடாமல், “மூலையில ரெண்டு பேர் சேர்ந்து மறிச்சால் என்ன செய்வீங்கள்?” என்று கேட்டான்.

நின்று, திரும்பி, பின்னால் வருபவனுக்குக் கொடுக்க வேண்டும். சரியான விடை அதுதான். விக்னராஜா சோற்றைப் பிசைந்தார்.

“ரெண்டு பேருக்கும் நடுவால நேர ஏறிப் பாய்” என்றார். கூட்டாளிக்கு அவர் சொன்ன முதல் பொய் அது. அப்படிப் பாய்ந்த ஒவ்வொரு முறையும் அவர் பந்தைப் பறிகொடுத்து, தரையையும் முத்தமிட்டிருக்கிறார்.

முதல் ஆட்டத்துக்கு அவரும் யோகராணியும் பார்வையாளர்களாகப் போனார்கள். போகாவிட்டால் ஊர் கதைக்கும். கடைசி நிமிடத்தில், ஒரு புள்ளி பின்னால் நிற்கையில், இரண்டு பேர் டுவெய்னை மூலையில் மறித்தார்கள். விக்னராஜா மூச்சைப் பிடித்துக்கொண்டார். டுவெய்ன் நடுவால் ஏறிப் பாய்ந்தான். ஆறடி மூன்றங்குலம் பாய்ந்தால் மறிக்க ஆளேது? பந்து கூடைக்குள் விழுந்தது.

மண்டபம் அதிர்ந்தது. டுவெய்ன் ஓடிவந்து கூட்டத்துக்குள் கையை நீட்டி, “விக்! இவர் சொல்லித் தந்தது!” என்று கத்தினான். எல்லாத் தலைகளும் திரும்பின. கைதட்டல் விக்னராஜாவை நோக்கி வந்தது.

“எழும்புங்கோப்பா, உங்களைத்தான் காட்டுறான்” என்று யோகராணி கையைப் பிடித்து இழுத்தார். மனைவியின் கண் கலங்கியிருந்தது. விக்னராஜா கதிரையை இறுகப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

“பாருங்கோ, எவ்வளவு அடக்கம்” என்றார் பின்வரிசையில் ஒருவர். “நல்ல மனுசன்.”