மடிக்கொடியின் உயரம்

எங்கள் மாதுங்கா வீட்டுக் கூடத்தில், நடுவே வந்ததும் நான் குனிந்துவிடுவேன். மேலே ஒன்றும் கிடையாது. மின்விசிறிகூடத் தள்ளித்தான் சுற்றுகிறது. புதிதாக வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள், அப்புறம் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். என் கணவரும் கடைசிவரை குனிந்தார். நல்ல உயரம் அவர். காபி டம்ளரும் கையுமாக அந்த இடத்தில் மடங்கி நிமிர்வார். ஏன் குனிகிறோம் என்று நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதே இல்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே!

மழைக்காலத்தில் அதே இடத்தில் ஈரப்புடவை வாசனை வரும். விடிகாலையில், பால் வரும் நேரத்துக்கு, மூங்கில் கோல் உத்தரத்தில் 'டொக்' என்று இடிப்பது கேட்கும். அந்தக் கோல் வீட்டை விட்டுப் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. பிரமை, எழுந்து வேலையைப் பார் என்று என்னை நானே அதட்டிக்கொள்வேன். ஆனாலும் இன்னொரு தரம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டு படுத்தே கிடப்பேன்.

அறுபதுகளில் அங்கே என் மாமியாரின் மடிக்கொடி தொங்கிற்று. உத்தரத்துக் கொக்கிகளிலிருந்து இரண்டு கயிறு, அவற்றில் படுக்கைவாட்டில் ஒரு மூங்கில், அவ்வளவுதான். துவைத்த புடவையைக் கோலால் தூக்கி அதில் உலர்த்துவார். மறுநாள் காலை குளித்துவிட்டு ஈரத்தோடு வந்து, கோலாலேயே இறக்கி உடுத்திக்கொள்வார். நடுவில் யார் கையும் அதில் படக்கூடாது, தரையிலும் விழக்கூடாது; அதுதான் மடி. அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டுதான் அடுப்பு மூட்டுவார். தான் சமைத்ததைத்தான் சாப்பிடுவார். சின்ன வயதிலேயே கணவரை இழந்த நாளிலிருந்து இப்படித்தான்.

ஒரு மழைக்காலத்தில் அவருக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. கை மேலே ஏறவில்லை. கோலின் நுனி கொடியைத் தேடி ஆடும், உத்தரத்தில் இடிக்கும், புடவை சரிந்து தரையில் விழும். விழுந்தால் போச்சு. திரும்பத் துவைத்து, திரும்பக் குளித்து, ஈரப்புடவையைச் சுற்றிக்கொண்டே சமைப்பார்; ஈரமும் மடிதானே. பம்பாய் மழையில் புடவை எங்கே காய்கிறது? இருமல் வந்தது, ஜுரம் வந்தது. இன்னொரு தடவை நெஞ்சில் சளி கட்டினால் தாங்க மாட்டார் என்று டாக்டர் என் கணவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். ஈரத்தில் நிற்காதீர்கள் என்றால் மாமியார் சரி என்பார். சரி என்றால் அன்றைக்குப் பட்டினி என்று அர்த்தம்.

"நான் குளிச்சுட்டு எடுத்துத் தரேனே அம்மா" என்றேன்.

"நீயா? லோக்கல்ல ஊரையே இடிச்சுண்டு வரே."

"அதான் குளிச்சுட்டுன்னு சொல்றேனே!"

"ரெண்டு சொம்பு விட்டுண்டு ஓடறே. அதுக்குப் பேரு குளியலா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் ஃபோர்ட்டில் ஒரு ஆபீசில் டைப்பிஸ்ட். எட்டு மணி வண்டிக்கு ஓடுகிறவள் கங்கா ஸ்நானமா பண்ண முடியும்? "அப்போ ஈரத்துலயே நில்லுங்கோ! படுத்துண்டா அப்புறம் நான்தானே பாக்கணும்?" என்று கத்திவிட்டேன்.

அவர் திருப்பிக் கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை.

"அதுக்குத்தாண்டி பயமா இருக்கு" என்றார். தன் மாமியாரை வருஷக்கணக்கில் படுக்கையில் வைத்துப் பார்த்தவர் அவர். "மொதல்ல புடவை எடுத்துக் குடுத்தேன். அப்புறம் கையைப் பிடிச்சு நடத்தினேன். அப்புறம் சாதத்தைப் பிசைஞ்சு வாயில வெச்சேன். கடைசியில அவருக்கு நான் யாருன்னே தெரியலை. எல்லாம் ஆரம்பிச்சது புடவையிலதான்."

அன்று ரயிலில் நின்றபடி அதையே நினைத்துக்கொண்டு போனேன். கை மேலே போகாவிட்டால் கொடி கீழே வரட்டுமே என்று தோன்றியது. ஆனால் அவரிடம் கேட்க முடியாது. கேட்டால், போகிறவர் வருகிறவர் தலையெல்லாம் படும் என்பார். அதைவிட, தன் கை போய்விட்டது என்று அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அதற்குப் பட்டினியே மேல் என்று இருந்துவிடக்கூடியவர்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை, உலர்ந்த புடவையை உடுத்திக்கொண்டு அவர் பழையதைத் துவைக்க உள்ளே போனதும், என் கணவரை ஸ்டூலில் ஏற்றினேன். அந்தக் கொஞ்ச நேரம்தான் கொடி காலியாக இருக்கும். இரண்டு பக்கமும் முடிச்சை அவிழ்த்து, நாலு விரற்கடை கயிறு விட்டு மறுபடி கட்டினார்.

"திருட்டு வேலைடி இது" என்று முணுமுணுத்தார்.

"பேசாம கட்டுங்கோ. தண்ணி சத்தம் நின்னுடுத்து."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் நாலு விரற்கடை. அதற்கடுத்த வாரமும் அப்படியே. கோல் உத்தரத்தில் இடிப்பது நின்றது. புடவை விழுவதும் நின்றது. மாமியார் உலர்ந்த புடவையோடு அடுப்படியில் நின்றார், வேளைக்குச் சாப்பிட்டார், இருமல் அடங்கியது. "தைலம் நன்னா வேலை பண்றது. தோள் விட்டுக்குடுத்துடுத்து" என்று மாடி மாமியிடம் ஒரே பெருமை. எனக்கு உள்ளுக்குள் சிரிப்புத் தாங்கவில்லை. பெரிய காரியம் சாதித்துவிட்டதாக நினைப்பு!

கொடி இறங்க இறங்க நாங்கள் குனிய ஆரம்பித்தோம். புடவையில் தலை பட்டுவிடக்கூடாதே. முதலில் என் கணவர், பிறகு நான், கடைசியில் பாத்திரம் தேய்க்க வரும் பாயிகூட "அரே தேவா" என்று முனகிக்கொண்டே குனிந்துதான் போவாள். மாமியார் சுவரோரம் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தச் சமயத்தில்தான் செம்பூரிலிருந்து என் நாத்தனார் வந்தாள். அங்கே புதிதாக வீடு வாங்கியிருந்தார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்த் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு வெகுநாள் ஆசை. மாமியாருக்கும் ஆசைதான், கை சரியாகட்டும், வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாத்தனார் குள்ளம். கொடி அவள் தலைக்கு மேலேதான் இருந்தது, அதனால் அவள் எதையும் கவனிக்கவில்லை.

"கைதான் சரியாயிடுத்தே, கெளம்பும்மா. உனக்குன்னே கொடி கட்டியிருக்கோம். நன்னா உசரத்துல! ஒருத்தர் கை படாது" என்றாள்.

மாமியாரின் முகம் சட்டென்று வாடியது. "நான் வரலை" என்றார்.

"ஏம்மா?"

"வரலைன்னா வரலை. விடேன்."

நாத்தனார் கெஞ்சினாள், அழுதாள். கடைசியில் என் பக்கம் திரும்பினாள். "மன்னி, நீ ஆபீஸ் போகணும், ஆத்தைப் பாத்துக்க ஆள் வேணும். அதுக்குத்தானே அம்மாவை விடமாட்டேங்கறே?" என்றாள். போட்ட காபியைத் தொடாமலே படியிறங்கிப் போய்விட்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேரே சமையலறைக்குப் போனேன். "ஆசை ஆசையா இருந்தேளே, ஏன் போகலை? பழி மட்டும் எனக்கா?" என்றேன்.

அவர் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"அங்க கொடி உசரம்டி."

நான் கூடத்துக் கொடியைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஞாயத்துக்கிழமை இன்னும் நாலு விரக்கடை எறக்கச் சொல்லு அவனை" என்றார். "முடிச்சைப் பாத்துப் போடச் சொல்லு. போன வாரம் ஒரு பக்கம் சாஞ்சிருந்தது. அவகிட்ட மட்டும் மூச்சு விடாதே."

அதற்குப் பிறகும் அவர் துவைக்கப் போன நேரத்தில்தான் கட்டினோம். அவரும் தைலத்தைத்தான் புகழ்ந்தார். நாத்தனார் வரவே இல்லை. எங்காவது கல்யாணத்தில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உண்மை என் நாக்கு நுனிவரை வரும். விழுங்கிக்கொள்வேன். கொடி என் மோவாய் உயரத்துக்கு வந்துவிட்டது. மாமியார் தன் புடவையைத் தானே எடுத்து உடுத்தினார், தானே சமைத்தார். ஒருவர் கையும் அவருக்குத் தேவைப்படவில்லை. ஒருநாள் விடிகாலை குளிக்க எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போயிருந்தார்.

செய்தி கேட்டு நாத்தனார் "அம்மா" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தாள். வந்த வேகத்தில் கொடி அவள் நெற்றியில் இடித்தது. மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். உத்தரத்திலிருந்து கயிறு எவ்வளவு நீளத்துக்கு இறங்கியிருக்கிறது என்று அவள் கண் மேலும் கீழும் போயிற்று.

"என்ன மன்னி இது?"

"அம்மாக்குக் கை தூக்க வரலை. அங்க கொடி உசரம்னு சொன்னா" என்றேன்.

அவள் கொடியை விட்டுவிட்டு, அதற்கடியில் குனிந்து அம்மாவிடம் போனாள்.

வெயில் ஏறியதும் ஆண்கள் எழுந்தார்கள். தூக்கிக்கொண்டு போகும்போது கொடி இடிக்கும், கழற்றிவிடலாம் என்றார்கள். முதல்நாள் அவர் உலர்த்திய புடவை அதில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. மாடி மாமா அதை எடுக்கக் கையை நீட்டினார்.

"தொடாதேங்கோ!" என்றாள் நாத்தனார்.

"தீட்டு வந்தாச்சேம்மா. இனிமே மடி ஏது?" என்றார் சாஸ்திரிகள்.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. மூலையில் சாத்தியிருந்த கோலை எடுத்துக்கொண்டு வந்தாள். கை நீட்டினாலே எட்டும் உயரத்தில்தான் புடவை இருந்தது. தரையில் படாமல், கோலாலேயே அதை இறக்கினாள்.