எம்.டி.யைத் தூக்கிய வாரம்

சேக்காட்டு அந்தோணிராஜுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டால் மட்டும் பரம சாது. ஒரு விசில் என்றால் நிறுத்துவான், இரண்டு என்றால் கிளப்புவான். கண்டக்டர் கஜபதியின் விசிலுக்கு அவன் கால் கேள்வி கேட்டதே இல்லை. பல வருஷமாக இருவருக்கும் ஒரே பஸ், ஒரே சாப்பாட்டு கேரியர். சங்கம்தான் வேறு. அந்தோணிராஜ் ஆளுங்கட்சி, கஜபதி எதிர்க்கட்சி.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் பஸ் கழகத்தின் எம்.டி.யை அரசாங்கம் வேலையிலிருந்து தூக்கியது. டிப்போ வாசலில் வாய்ச்சண்டை ஆரம்பித்தது.

"டயர்ல கமிஷன் அட்ச்சான், தூக்குனாங்க. உனுக்கு இன்னாடா வலிக்குது?" என்றான் அந்தோணிராஜ்.

"மந்திரி ஆளுங்களுக்கு வேலை தரமாட்டேன்னாரு அண்ணாத்தே. அதுக்குத்தான் தூக்கிட்டாங்க," என்றான் கஜபதி.

பேச்சோடு விட்டால் அரசியல்வாதி எப்படிப் பிழைப்பான்? எதிர்க்கட்சி சங்கம் மறியல் என்றது. வீம்புக்கு பஸ்ஸில் ஏறிய அந்தோணிராஜ், கியரைப் போட்டு, கிளட்சை மிதித்தபடி இன்ஜினை உறும விட்டான். கஜபதி முன்னால் வந்து மறித்தான். மறியல் கூட்டத்திலிருந்து கல் பறந்தது. கண்ணாடி நொறுங்கி அந்தோணிராஜின் நெற்றி கிழிந்தது. வழிந்த ரத்தத்தில் அவனுக்குக் கண் தெரியவில்லை.

கீழே அந்தோணிராஜின் சங்கத்து ஆட்கள் கஜபதியை இரும்புக் குழாயால் அடித்து, பம்பருக்கு முன்னால் தள்ளி மிதித்தார்கள். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி கஜபதி ஒரு விசில் ஊதினான். நெஞ்சில் விழுந்த உதையில் விசில் இன்னொரு தடவை கத்தியது.

அந்தோணிராஜின் கால் பழக்கத்தில் கிளட்சை விட்டது. அலறல் கேட்டு பிரேக் போட்டபோது முன்சக்கரம் கஜபதியின் இடுப்பில் ஏறியிருந்தது.

ஆஸ்பத்திரியில் கஜபதியின் மனைவி வேம்புலியம்மாள் அந்தோணிராஜைச் செருப்பால் விளாசினாள். அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. பாவி, அழவும் தெரியாமல் நின்றான்.

"வேணும்னே ஏத்துனான்னு சொல்லு. ஆட்சியே ஆடிப்பூடும்," என்று கஜபதியின் காதில் ஓதினார் அவன் சங்கத் தலைவர். சொல்லியிருந்தால் அந்தோணிராஜுக்கு ஜெயில்தான்.

"நான்தான் ரெண்டு விசில் குட்த்தேன் சார்," என்றான் கஜபதி, இன்ஸ்பெக்டரிடம். "அவரு மேல தப்பு இல்ல."

சட்டசபையில் அந்த எம்.டி.க்காக இரு தரப்பும் கத்திக்கொண்டிருந்த வாரத்திலேயே கஜபதி செத்தான். பாடைக்குத் தோள் கொடுக்க வந்த அந்தோணிராஜை வேம்புலியம்மாள் மறித்தாள்.

"எம் புருசன் உன்ன உட்டுட்டாரு. நான் உட்டேன்னு எப்ப சொன்னேன்?"

அவன் தெருமுனையிலேயே நின்றுவிட்டான்.