எஞ்சின் மூடிக்குப் பக்கத்து சீட்டு

வெல்டர் சாப்பிட்டுத் திரும்பியபோது சாம்பல் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே ஆறிக்கொண்டிருக்க வேண்டிய மேனிஃபோல்டு சிமெண்டுத் தரையில், வாசல் காற்றில் கிடந்தது. பக்கத்தில் அவருடைய தங்கை புருஷன், கையில் சாக்கோடு நின்றார்.

“யாரைக் கேட்டு எடுத்தீங்க மாப்பிள்ளை?”

“பச்சப் புள்ளையா மச்சான், போர்த்தித் தூங்க வைக்க? ஆறு மணிக்கு ஷிப்டு ஆளுங்களை ஏத்தணும். இன்னிக்கும் வண்டி வரலைன்னா கம்பெனிக்காரன் வேற பஸ்ஸுக்குச் சொல்லிடுவான்.”

வார்ப்பிரும்புக்கு அவசரம் ஆகாது. எஞ்சினின் கொதிக்கும் புகையை டர்போவுக்குக் கொண்டுபோகிற இந்தக் குழாயில் விழுந்திருந்த விரிசலைக் குடைந்து, முழுசையும் ஒரே சீராகச் சூடேற்றி, அங்குலம் அங்குலமாகப் பற்ற வைத்து, ஒவ்வொரு அங்குலத்தையும் சுத்தியால் தட்டிக் கொடுத்து, காலையில்தான் சாம்பலில் புதைத்திருந்தார். மறுநாள் வரை கிடக்க வேண்டியது. நடுவில் குளிர்காற்று பட்டால் பற்றவைப்பின் ஓரத்திலேயே பிளக்கும். பிளக்கும்போது ஊசி விழுந்த மாதிரி மெலிசாக ஒரு சத்தம் வரும்.

அந்தச் சத்தம் அவருக்குக் கேட்காது. இருபத்தாறு வருஷத்துச் சுத்தியும் கிரைண்டரும் மெல்லிய சத்தங்களை எல்லாம் தின்றுவிட்டன. நேரில் பேசினால் வாயைப் பார்த்துச் சமாளிப்பார். பட்டறையில் முடிந்த வேலையைக் கம்பியில் தொங்கவிட்டுத் தட்டிப் பார்த்து, நல்லதா ஊமையா என்று சொல்வது அவர் மனைவி. ‘முதலாளியம்மா பரீட்சை வெச்சாத்தான் சாமான் வெளிய வரும்’ என்று வாடிக்கைக்காரர்கள் கிண்டலடிப்பார்கள். காரணம் யாருக்கும் தெரியாது. அவள் நேற்றே அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள்.

“வெளிய எடுத்தப்போ ஏதாவது சத்தம் கேட்டுதா?”

“ஒண்ணும் கேக்கலை.” மாப்பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஒரு ஸ்பேனரால் குழாயைத் தட்டினார். “கேளுங்க. வெங்கல மணியே தோத்துடும்!”

வெல்டர் கேட்ட மாதிரி தலையை ஆட்டினார். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. தொடுகிற சூட்டுக்கு வந்ததும் மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சாக்பீஸைப் பொடித்துத் தூவினார். வெள்ளைப் பொடியில் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பற்றவைப்புக்கு அரை விரல் தள்ளி, முடி மாதிரி ஓர் ஈரக்கோடு கறுத்து நீண்டது.

“மண்ணெண்ணெய் ஒழுகியிருக்கும் மச்சான்.”

“ஒழுகினா பரவும். விரிசல்ல எறங்கினதுதான் இப்படிக் கோடு போடும். இது ஓட்டத்துல வாயைத் தொறந்தா நெருப்பு நேரா எஞ்சின் மூடியில அடிக்கும். பக்கத்து சீட்டுல உக்கார்ந்து தினம் ஷிப்டுக்குப் போறது யாரு? உங்க பொண்டாட்டிதானே!”

“ஒரு வாரம் ஓட்டிட்டுப் புதுசு மாத்திடறேன்.”

“ஒரு வாரம்னு அதுக்குத் தெரியுமா?”

மாப்பிள்ளை குழாயைச் சாக்கில் சுற்றினார். வெல்டர் மறுமுனையைப் பிடித்தார்.

“கட்டிக்கொடுத்த இடத்துல மல்லுக்கட்டறீங்களா?” என்றார் மாப்பிள்ளை.

வெல்டரின் பிடி தளர்ந்தது. மாப்பிள்ளை சாக்கைத் தூக்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு வெல்டர் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். எழுதி அனுப்பினால் அவள் நேரத்துக்குப் பார்ப்பாளோ என்னவோ; பேசினாலோ காது போனது வெளியே வந்துவிடும். அது தெரிந்தால் யார் இரும்பைக் கொண்டுவந்து கொடுப்பார்கள்? ஐந்தரைக்குத்தான் தங்கையின் எண்ணை அழுத்தினார். ஏதோ முணுமுணுப்பு வந்தது.

“நான் சொல்றதை மட்டும் கேளும்மா. நீ பேசறது எனக்கு விளங்காது. ரெண்டு வருஷமா போன்ல எதுவுமே விளங்கறதில்லை. அந்தக் குழாய் விரிஞ்சிருக்கு. வண்டியில ஏறாதே. சரின்னு எழுதி அனுப்பு.”

வைத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்து வந்தது.

“முந்தாநாள் புகையைப் பாத்து எல்லாரும் பயந்துட்டாங்க அண்ணே. நான் முன்னாடி உக்காந்தாத்தான் மத்தவங்க ஏறுவாங்க. இப்பதான் ஒவ்வொருத்தரா ஏறறாங்க.”

இரண்டு முறை படித்தார். பட்டறையைப் பூட்டாமல் தெருவில் இறங்கி ஓடினார்.