கை மாற்றிவிட ஆளில்லாத கடை

எங்கள் பட்டுக்கடைச் சுவரில் பெரிய டிவி மாட்டிய அன்று காலையும் வழக்கம்போல் கடை திறந்து கற்பூரம் காட்டினார்கள். நான் பில்லிங் கவுண்டரில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடி என் ஆண்டவரிடம் ஜெபித்துக்கொண்டேன். கண்ணைத் திறந்தால் டிவியில் சேல்ஸ்மேன்களின் பெயர்கள். யார் அதிகம் விற்றார்களோ அவர் பெயர் மேலே. பில் போடும்போது புடவையின் பார்கோடை ஸ்கேன் செய்து, விற்றவரின் நம்பரை நான் தட்டினால் போதும், தானாக ஏறிவிடும்.

மாட்டியவர் எங்கள் சின்ன முதலாளி. அப்பாவுக்குப் பிறகு பொறுப்புக்கு வந்தவர். கெட்ட எண்ணம் கிடையாது. "ஒழைக்கிறவனுக்கு இன்சென்டிவ் போவணும்கா. எல்லாருக்கும் ஒரே மாதிரி குடுத்தா எப்படி?" என்றார். எனக்கும் நியாயமாகவே பட்டது. பில் போடுவதும் ஸ்டாக் பார்ப்பதும் சுலபமாகிவிட்டன. அதற்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

ஆனால் எங்கள் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. கை மாற்றிவிடுவது என்போம். உட்கார்ந்து புடவை விரித்துக் காட்ட சேல்ஸ்மேன் ஆளுக்கொரு மெத்தை உண்டு. நம் மெத்தையில் விரிப்பது வந்தவர்களுக்குப் பிடிக்காது என்று தெரிந்தால், அவர்கள் சலித்துப்போவதற்குள் பக்கத்து மெத்தைக்கு அனுப்பிவிட வேண்டும். இதில் யூசுப் பாய்தான் கெட்டிக்காரர். வாசலை ஒட்டிய முதல் மெத்தை அவருடையது. ஒன்றிரண்டு புடவை விரிப்பார். கல்யாணம் யாருக்கு, அந்த வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்று பேச்சுக்கொடுத்தே தெரிந்துகொள்வார். பிறகு, இன்னொரு மெத்தையில் இருக்கும் தினேஷைக் கூப்பிட்டு, "தினேசு, அம்மாவுக்கு சின்ன பார்டர்பா. அத்தைக்கும் தெரியற மாதிரி விரி, அவங்கதான் ஜட்ஜு" என்று அனுப்பிவைப்பார். அவர் அனுப்பியவர்கள் வெறுங்கையோடு போனதை நான் அதிகம் பார்த்ததில்லை.

விற்றது தினேஷ் பெயரில் ஏறும். பாய் பெயர் அடியில் கிடக்கும்.

"பாய், உங்க பேரைப் பாக்கணும்னா தரையில உக்காரணும் போல இருக்குதே!" என்றான் அடுத்த மெத்தை குமார்.

"உக்காந்துக்கினுதானடா இருக்கேன்!" என்றார் பாய். எல்லோரும் சிரித்தோம்.

சில மாதம் கழித்து முதலாளி அவரைக் கூப்பிட்டார். "பாய், தப்பா நெனைக்காதீங்க. முதல் மெத்தையில விக்கிற ஆளு இருக்கணும். நீங்க குடோன்ல மடிப்பு பாத்துக்கோங்க."

பாய் தலையை ஆட்டினார். குடோன் மாடியில் இருந்தது. அந்த மாதக் கடைசியில், "படியேற முட்டி வலிக்குதும்மா எஸ்தரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு வேலையிலிருந்து நின்றுவிட்டார். காரணம் முட்டி இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அரக்கு நிறம் கேட்ட பெண்

ஆவணி முகூர்த்தத்துக்கு வாலாஜாபாத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். பார்டரில் மட்டும் ஜரிகை, உடம்பு வெறும் அரக்கு. அதுதான் வேண்டும் என்றாள் கல்யாணப் பெண். தினேஷிடம் இருந்த அரக்குப் புடவையெல்லாம் உடம்பு முழுக்க ஜரிகை. ஆனாலும் அவன் அவர்களை விடவில்லை. "இத வெச்சிப் பாருங்கம்மா, போட்டோல சூப்பரா இருக்கும்" என்று விரித்துக்கொண்டே போனான்.

பெண் எழுந்துவிட்டாள். "வாம்மா, போலாம். நான் கேட்டதத் தவிர எல்லாத்தையும் காட்டறாரு."

மொத்தக் குடும்பமும் இறங்கிப் போனது. அவள் கேட்ட புடவை குமாரின் அலமாரியில் இருந்தது.

கேபினிலிருந்து முதலாளி ஓடிவந்தார். "ஏன் குமாரு, உன்கிட்ட இருந்துச்சே! பாத்துக்கினுதான இருந்த?"

"அவன் கஸ்டமர் சார். நான் கூப்புட்டா சண்டைக்கு வருவான்."

"நீயாவது அனுப்பியிருக்கலாமே, தினேஷ்?"

"அனுப்பிட்டு? பாய் மாதிரி நானும் குடோனுக்குப் போறதுக்கா சார்?"

முதலாளி அன்று சாயங்காலமே டிவியைக் கழற்றச் சொன்னார். இன்சென்டிவைக் கடை மொத்தத்துக்கும் பொதுவாக்கினார். மறுநாள் செவிலிமேட்டில் பாய் வீட்டுக்கே போய், அவரைக் கையோடு அழைத்துவந்து முதல் மெத்தையில் உட்காரவைத்தார். ஸ்தோத்திரம், எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பாய் திரும்பி வந்தபின்

பாய் பழையபடி கஸ்டமரை மற்ற மெத்தைகளுக்கு அனுப்பினார். மற்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் தன் மெத்தையில் உட்கார்ந்தவரை இன்னொருவரிடம் அனுப்ப ஒருவருக்கும் மனம் வரவில்லை. விற்றதும் நேராக என்னிடம் வருவார்கள். "அக்கா, அது என் பில்லு."

"இப்பதான் யார் பேரும் ஏறறது இல்லயேப்பா?"

"இருந்தாலும் மனசுல வெச்சிக்கோங்கக்கா."

இதையெல்லாம் பாய் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தை பிறந்ததும் முதலாளியிடம் போனார்.

"டிவியக் கழட்டிட்டீங்க தம்பி. இவங்க மனசுல மாட்டினத நான் எப்படி கழட்டுறது? ஒருத்தன ஒருத்தன் நம்பினாதான் எனக்கு இங்க வேலை."

"சம்பளம் ஏத்தித் தரேன் பாய்."

"சம்பளத்துக்கா போறேன்? நீ சின்னப் புள்ளையா இருக்கசொல்ல இந்த மெத்தையிலதான் தூங்குவ. உன்மேல எனக்கு என்ன கோவம்?"

முதலாளி அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கும், நாளைக்குப் பத்துப் பேரை வைத்து வேலை வாங்கப் போகிறவர்களுக்கும் நான் சொல்வது இவ்வளவுதான். மெஷின் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வாங்குவதற்கு முன்னால் கொஞ்ச நாள் சும்மா உட்கார்ந்து, உங்கள் ஆட்கள் ஒருவருக்கொருவர் என்ன செய்துகொள்கிறார்கள் என்று பாருங்கள். மெஷினில் ஏறாத வேலை அதுதான். அதைப் பார்க்க வேண்டியவர் தலைமையில் இருப்பவர். அது ஒருமுறை போய்விட்டால், மெஷினை நிறுத்தினாலும் திரும்பி வருவதில்லை.

முதல் மெத்தையில் இப்போது தினேஷ் உட்காருகிறான். நல்ல பிள்ளை. வந்தவர்களை எழவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ளப் பார்க்கிறான். காலையில் கண்ணை மூடும்போது அவனுக்காகவும் வேண்டிக்கொள்கிறேன்.