கருப்பணசாமியிடம் கேட்டு வாங்கிய ஞானஸ்நானம்

மலேசியாவில் கிள்ளானில் எங்கள் சபை என்னை வழியனுப்பிய அன்று மேடையேறி, "ஒரு ஊரையே கொண்டுவந்து சேர்ப்பேன்" என்று சொல்லிவிட்டேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. அந்த வயதில் ஒருவன் கையில் யாரும் மைக்கைக் கொடுக்கக் கூடாது. எங்கள் சபைத் தலைவர் கொடுத்தார். கீழே உட்கார்ந்திருந்த அத்தைமார்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மிஷனரியாக ஒரு வருடம் நான் சேவை செய்ய வேண்டிய இடம் தமிழ்நாட்டில் சங்ககிரி. தமிழ் பேசத் தெரியும் என்பதுதான் எனக்கிருந்த ஒரே தகுதி. தமிழ் தெரியாத நண்பனைக் கம்போடியாவுக்கு அனுப்பினார்கள்.

கிளம்பும் முன் மூன்று வாரம் பயிற்சி கொடுத்தார்கள். முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினால் என்ன செய்வது, கல்லெறிந்தால் என்ன செய்வது, கேலி பேசினால் எப்படிப் பொறுமையாகப் புன்னகைப்பது என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். மோர் கொடுத்தால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை.

சங்ககிரியில் எல்லோரும் மோர் கொடுத்தார்கள். போன இடமெல்லாம் நாற்காலி போட்டு, மின்விசிறியை என் பக்கம் திருப்பி, நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்கள். "நல்ல விசயந்தானுங்க" என்று துண்டுப் பிரசுரத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "கல்யாணம் ஆயிருச்சுங்களா?" என்று கேட்டார்கள். எடப்பாடிப் பக்கம் ஒரு தறிக்காரர் நான் கொடுத்த ஏசு படத்தை விசைத்தறிக்கு மேலே முருகனுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். அடுத்த முறை போனபோது படத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, கதம்பமும் சாத்தியிருந்தார். "ஒரு கொறையும் இல்லாம பாத்துக்கறமுங்க" என்றார். கல்லெறிந்திருந்தால்கூட எனக்குப் பதில் தெரிந்திருக்கும்.

தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரெட் பட்டறை ஒன்றின் மாடியில் குடியிருந்தேன். காலையில் போடும் வெள்ளைச் சட்டை பத்து மணிக்குள் சாம்பல் நிறமாகிவிடும். கருகிய ரப்பர் வாசனையிலேயே ஜெபம் செய்வேன், பைபாஸில் போகும் லாரிகள் இடையிடையே ஹாரன் அடித்து ஆமென் சொல்லும். மாதக் கடைசியில் கிள்ளானுக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டும். அதில் மனம் மாறியவர்களின் எண்ணிக்கைக்கு 'ஆத்துமாக்கள்' என்று ஒரு கட்டம். பத்து மாதம் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். அதை ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பெரிய திரையில் காட்டுவார்கள். கம்போடியாக்காரன் மாதாமாதம் கூட்டிக்கொண்டே போனான். என் அம்மா அந்த நேரம் பார்த்துக் கழிப்பறைக்குப் போக ஆரம்பித்தார் என்று தங்கை செய்தி அனுப்பினாள்.

எனக்கிருந்த ஒரே நம்பிக்கை இட்லிக்கடை அக்காதான். பட்டறைக்கு எதிரில் கடை. நாற்பதைத் தாண்டியவர். கணவர் வடக்கே லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். நான் பைபிள் கதை சொல்வேன், அக்கா மாவு ஊற்றியபடியே கேட்பார். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவும் மாட்டார்.

"ஏனுங் தம்பி, ஏசு சாமி கூட பன்னண்டு பேரு ஊரூராப் போனாங்கன்னு சொன்னீங்களே. அத்தன பேருக்கும் ஆருங்க சோறாக்குனது?"

அது வேதத்தில் எழுதியிருக்கவில்லை என்றேன்.

"எழுதுனவிய ஆம்பளைகளா இருப்பாங்க" என்று சொல்லிவிட்டு இட்லித் தட்டை இறக்கினார்.

பதினோராம் மாதம் அவருடைய கணவரிடமிருந்து மூன்று நாளாக போன் வரவில்லை. நாக்பூர் தாண்டிவிட்டதாகச் சொன்னதோடு சரி. அக்கா சட்னியில் உப்பைப் போட்டு, மறந்துபோய் மறுபடியும் போட்டார். நான் அடுப்படியிலேயே மண்டியிட்டு ஜெபித்தேன். அக்கா கரண்டியோடு பக்கத்தில் நின்றார். அரை மணி நேரத்தில் போன் அடித்தது. மனிதர் போனைத் தண்ணீர் டிரம்முக்குள் போட்டுவிட்டு, புதிது வாங்கும் வரை சும்மா இருந்திருக்கிறார். அக்கா அவரைக் கால் மணி நேரம் திட்டி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏசு சாமிக்கு ஒரு கடா வெட்டிப் போடலாமுங்களா?"

"அவர் கடா கேட்க மாட்டாருங்க்கா."

"அப்பறம் என்னதானுங்க கேப்பாரு?"

"உங்களையேதான்."

"என்னைய வெச்சுட்டு அவரு என்ன பண்ணுவாரு?" என்று சிரித்தார். ஆனால் யோசித்தார். ஞானஸ்நானம் என்றால் என்ன என்று விளக்கினேன். காவிரியில் முங்கி எழுவதுதானே, ஆடிப் பதினெட்டுக்கு வருசாவருசம் முங்குவதுதானே, முங்கிவிட்டால் போச்சு என்றார்.

நான் மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி, அந்தக் கட்டத்தில் 'ஒன்று' என்று போட்டேன். கூடவே இட்லிச் சட்டியும் கையுமாக அக்கா நிற்கும் படத்தையும் அனுப்பினேன். ஞாயிறன்று திரையில் காட்டியபோது சபையே எழுந்து நின்றதாம். அம்மா கழிப்பறைக்குப் போகவில்லை. சபைத் தலைவர் தன் கையாலேயே ஞானஸ்நானம் கொடுக்க விமான டிக்கெட் எடுத்துவிட்டார்.

மறுநாள் அக்காவிடம் தேதி சொல்லப் போனேன்.

"வரச் சொல்லுங்க. அதுக்கு முன்னால வெள்ளிக்கெழமை கருப்பணசாமிகிட்ட பூக் கேட்டுப்போடறேன். அவரு வேண்டாம்னா வேண்டாமுங்க. கேக்காம நானு எதுவும் பண்ணுனதில்ல."

பூக் கேட்பது என்றால் சாமியிடம் உத்தரவு கேட்பது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போடுவார்கள். ஒன்றை எடுத்துப் பிரித்து, வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் மறுப்பு. நிலம் வாங்க, பெண் எடுக்க, போர்வெல் போட எல்லாவற்றுக்கும் இப்படிக் கேட்பார்களாம். மெய்யான தேவனிடம் வருவதற்கு அரிவாளோடு நிற்கும் ஒருவரிடம் அனுமதி கேட்பது எவ்வளவு பெரிய தப்பு என்று நான் வாதாடியிருக்க வேண்டும். வாதாடவில்லை. வெள்ளி காலையில் எத்தனை மணிக்குப் போகணும் என்று கேட்டேன்.

கோயில் என்றால் வேப்பமரத்தடியில் ஒரு கல்மேடை, வேல், அரிவாள், மண்குதிரை. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். பூசாரி நாள்காட்டியில் கிழித்த தாள்களில் அரளிப் பூக்களை மடித்தார். இரண்டு பொட்டலத்தையும் குலுக்கிப் போட்டுத் தீர்த்தம் தெளித்தார். எடுக்க ஒரு ஆள் வேண்டும். சுற்றிப் பார்த்தார்.

"வெளியூர்க்காரரு, நீங்களே எடுங்க. உங்களுக்கு இதுல ஒண்ணும் இல்ல பாருங்க."

எனக்கா ஒன்றும் இல்லை? கிள்ளானில் விமான டிக்கெட், திரையில் படம், அம்மா. அத்தனையும் அந்தக் கல்லின் மேல் கிடந்தன. குனிந்தேன். நாள்காட்டித் தாள் மெல்லிசு, தண்ணீரில் நனைந்திருந்தது. இடதுபக்கப் பொட்டலத்தில் சிவப்பு கசிந்து தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது.

வலதுபக்கத்தை எடுத்தேன். கை நடுங்கியது. வெள்ளை.

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன் என்று பிறகுதான் உறைத்தது.

சபைத் தலைவர் வந்தார், காவிரியில் இறங்கினார். பாசியில் அவர்தான் வழுக்கினார், அக்கா பிடித்துக்கொண்டார். வீடியோவில் அந்த இடத்தை வெட்டிவிட்டோம். மறுநாள் மதியம் அக்கா வீட்டில் கறிவிருந்து. சபைத் தலைவர் கண்ணை மூடி நீளமாக ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, இரண்டு முறை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"என்ன விசேஷம்மா இவ்வளவு பெரிய விருந்து?"

"சம்மதங் குடுத்தாருங்களே, அதுக்குத்தானுங்க காலைல கடா வெட்டுனது."

சபைத் தலைவர் என்னைப் பார்த்தார். யார் கொடுத்த சம்மதம் என்று கேட்டார். குடும்பத்துப் பெரியவர் ஒருவர் என்றேன். எலும்பை உறிஞ்சியபடி அந்தப் பெரியவருக்காகவும் ஜெபிக்கலாம் என்றார்.

கிள்ளானில் இன்றும் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள். இட்லிச் சட்டி, போன், காவிரி எல்லாம் சொல்வேன். பூவை மட்டும் விட்டுவிடுவேன். கைதட்டும்போது எனக்கு வெட்கமாக இருக்கும். இன்னொருவர் சாமியின் சந்நிதியில், அந்தச் சாமியை நம்பிய ஒருத்தியை ஏமாற்றிவிட்டு வந்தவன் நான். அந்த அளவோடு இருந்திருந்தால்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடியும்.

நான் கிள்ளானுக்குக் கிளம்பிய அன்று அக்கா பஸ் நிறுத்தத்துக்கு வந்திருந்தார். கோவை பஸ் வரத் தாமதமானது. அக்கா சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அந்தத் தாள்ல செகப்பு தெரிஞ்சுது பாத்தீங்களா? எனக்குந்தான் தெரிஞ்சுது. நீங்க எதை எடுக்கறீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்."

"அப்புறம் எதுக்குங்க்கா தண்ணில முங்குனீங்க?" என்று கேட்டேன்.

"அத்தன தூரத்துலருந்து வந்துபோட்டு, எங்க சாமி முன்னால கையி நடுங்க நின்னீங்க. பாக்கப் பாவமா இருந்துச்சு. வெறுங்கையோட எப்படிங்க அனுப்பறது?"

பஸ் வந்துவிட்டது. அக்கா காகிதப் பொட்டலம் ஒன்றை என் பையில் திணித்தார்.

"இதுக்குள்ள என்ன இருக்குதுன்னு நோட்டம் பாக்க வேண்டாமுங் தம்பி. பருப்புப்பொடிதான்."