பொட்டு வைத்த கணினி

எங்கள் ஊர் நூலகத்தில் கணினிப் பிரிவு திறந்த நாளில் ரிப்பன் வெட்டினார்கள், பாற்சோறு கொடுத்தார்கள், வந்திருந்த பெரிய மனிதர்கள் ஆளாளுக்குப் பேசி எங்கள் பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பிரகாசிக்க வைத்தார்கள். மறுநாள் அந்த அறையைப் பூட்டிவிட்டார்கள். லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வந்த பிள்ளைகள் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். மூன்று கணினிகளுக்கும் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருந்தது.

அறைக்குப் பொறுப்பாக ஓர் அலுவலர் இருந்தார். தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்த மனுசன்தான். சாவிக்கொத்து இடுப்பில் ஏறியதும் துரையாகிவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். எப்போதாவது கதவைத் திறந்தால் கடைவீதி முதலாளிமாரின் பிள்ளைகள் சப்பாத்துடன் போவார்கள், அவர்களுக்குச் சட்டம் கிடையாது. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"தோட்டத்து மண்ணு உள்ள போச்சுன்னா கம்பியூட்டர் கெட்டுரும்மா," என்றார்.

அதே மண்ணில் நின்றுதான் அவருடைய அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினார். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். அவரிடம் எனக்கு ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது.

காரியம் என் தங்கையுடையது. உயர்தரம் முடித்துவிட்டுத் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகப் பரீட்சையை இணையம் வழியாக, கெமராவில் முகம் பார்த்து நடத்துவதாக அறிவித்திருந்தார்கள். எங்கள் லயத்தில் சிக்னல் வேண்டுமென்றால் தேயிலை மலைக்கு மேலே பாறையில் ஏறி நிற்கவேண்டும், மழை வந்தால் அதுவும் போய்விடும். இந்த இடம் கிடைக்காவிட்டால் அவளுக்கு மிச்சம் இருந்தது, விடியற்காலையில் அம்மாவோடு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்று கொழுந்துக் கூடையை மாட்டிக்கொள்வதுதான். அம்மா அதை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

நடையாய் நடந்து, கெஞ்சி, அனுமதி வாங்கினேன். பரீட்சை விழுந்தது வாணி விழாவுக்கு மறுநாள் காலையில்.

உள்ளே போனால் சாம்பிராணி வாசம். வருடம் முழுவதும் எங்கள் பிள்ளைகளைத் தொடவிடாத கணினிகளுக்குச் சரசுவதி பூசைக்காக உறையைக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் செவ்வந்தி மாலை போட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். கணினியை அவரேதான் இயக்கினார், அடுத்தவர் கை படக்கூடாதாம். திரையில் நேர்முகம் நடத்துகிற ஓர் அம்மாவும் இரண்டு ஐயாமாரும் தெரிந்தார்கள்.

"உங்க முகம் தெரியலையே. கெமராவப் போடுங்க," என்றார் அந்த அம்மா.

போட்டுத்தான் இருந்தது. அலுவலர் அதை அமுக்கினார், இதை அமுக்கினார், வயரைப் பிடுங்கித் திரும்பச் சொருகினார். கடைசியில், "லைன் பிரச்சினை. கொழும்புல சரியானாத்தான் இங்க சரியாகும்," என்று தீர்ப்புச் சொன்னார். கணினிப் பயிற்சிக்கென்று இவரைக் கொழும்புக்கு அனுப்பிவேறு வைத்தார்களாம். அந்தச் சான்றிதழ் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியது. அதற்கும் பொட்டு.

முகம் பார்க்காமல் நடத்த முடியாது, அடுத்தவரைக் கூப்பிடப் போகிறோம் என்றார்கள். தங்கை அழவில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு, தன் முகம் வரவேண்டிய கறுப்புக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் திரையின் மேல்விளிம்பைக் கவனித்தேன். நட்டநடுவில், கெமராவின் மேலேயே, கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம். மனுசன் அதை நெற்றி என்று நினைத்திருக்கிறார்.

விரலை நாக்கில் நனைத்துத் துடைத்தேன்.

"ஐயையோ, பூசைப் பொட்டும்மா. எச்சில வச்சு..."

"அது நெத்தி இல்லைங்க சார், கண்ணு."

தங்கையின் முகம் வந்தது. அவளுக்குப் பின்னால் மற்ற இரண்டு கணினிகளும் மாலையும் கழுத்துமாக நின்றன. அந்த அம்மா சிரித்துவிட்டார். "எங்கேருந்து பேசுறீங்க, கோயிலா?"

"லைப்ரரிங்க மேடம்," என்றாள் தங்கை.

இடம் கிடைத்தது. உடனே அது தன்னுடைய கணினிப் பிரிவின் சாதனை என்று அலுவலர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பெரிதாக்கி நூலகத்தில் வைக்கத் தங்கையின் படத்தையும் கேட்டு வாங்கினார். எனக்கு இஷ்டமில்லை. அம்மா ஆசைப்பட்டதால் கொடுத்தேன்.

அடுத்த வாணி விழாவுக்கு, அந்தப் படத்தைப் பார்க்கத்தான் அம்மா என்னோடு வந்தாள். தங்கை பயிற்சி விடுதியில் இருந்தாள். கணினிகள் வரிசையாக உறை கழற்றி நின்றன, வரிசையின் கடைசியில் மேசைமேல் அவள் படம். கணினிகளுக்குப் பொட்டு வைத்து மாலை போட்டுக்கொண்டே வந்த கை அங்கேயும் நிற்கவில்லை. படத்துக்குச் செவ்வந்தி மாலை, நெற்றியில் சந்தனம், முன்னால் ஒரு விளக்கு. செத்தவர்களுக்கு வைக்கிற அதே மாதிரி.

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "காலையிலகூடப் பேசினாளே," என்றாள்.

நான் செருப்பைக் கழற்றாமலே உள்ளே போனேன்.

"மரியாதைக்குத்தாம்மா போட்டேன்," என்றார் சாவிக்கொத்துத் துரை.

மாலையை உருவி அவர் கையில் கொடுத்தேன். விரலை நாக்கில் நனைத்துப் படத்தின் நெற்றியைத் துடைத்தேன். பிறகு தங்கைக்குப் போன் எடுத்து அம்மாவின் காதில் வைத்தேன். அவள் குரலைக் கேட்ட பிறகுதான் அம்மா எழுந்தாள்.