சத்தத்துக்குள் ஓர் அறை

வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த வைத்திலிங்கத்துக்குத் தூக்கம் கெடவில்லை, பசியும் கெடவில்லை. ஜெபம்தான் நின்றுபோனது.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? பசி எடுக்கவில்லை என்றால் டாக்டரிடம் போகலாம். ஜெபம் வரவில்லை என்று எந்த ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்குவது? அதனால் யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தார்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் குடியிருந்த குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, பக்கத்து ஊரான வடக்குத்தில் கட்டிவைத்திருந்த சொந்த வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவரும் மனைவி சாமியம்மாளும் மட்டும்தான். ஒரே மகள் இசைப்பிரியா கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். வீட்டில் ஒரு சின்ன அறையை இதற்கென்றே ஒழித்து வைத்திருந்தார். பாய், வேதப்புத்தகம், சுவரில் ஒரு மரச் சிலுவை, அவ்வளவுதான். அறைக்குள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபம் பண்ணு என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார் அல்லவா? காலையில் எழுந்ததும் அப்படியே செய்தார். கதவைச் சாத்தி முழங்கால் போட்டு வாயைத் திறந்தால், அடுப்படியில் கரண்டி சத்தம் சட்டென்று நின்றதுபோல் இருக்கும். சாமியம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாளோ என்று தோன்றும். வாய் தானாக மூடிக்கொள்ளும். மனசுக்குள்ளேயே ஜெபிக்கலாம் என்றால், மனசு சந்தைக்கடைபோல் இரைந்தது. வீட்டு வரி, முழங்கால் வலி, மகள் போன் பண்ணவில்லையே என்ற நினைப்பு.

"இன்னாங்க, முட்டி போட்டுக்கினே தூங்கிட்டீங்களா?" என்று கதவுக்கு அப்பாலிருந்து சாமியம்மாள் குரல் கொடுப்பாள். "காப்பி ஆறுது."

"வர்றேன், வர்றேன்."

"உள்ள போயி ஒரு சத்தமும் காணோமே. கர்த்தர் கூட ஊமை பாசையில பேசறீங்களா?"

அவள் வேடிக்கையாகத்தான் கேட்டாள். ஆனால் ஊமை பாஷையில்தான் அவர் வாழ்நாளில் பாதி போயிருந்தது.

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டை ஓட்டுகிற டிரைவ் ஹெட்டில் அவருக்கு வேலை. முதலில் கான்ட்ராக்ட், ரொம்ப நாள் கழித்துத்தான் பர்மனென்ட். ராட்சச மோட்டார்கள் உறும, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ரோலர்கள் கடகடக்க, மண்ணும் நிலக்கரியும் ஆறுபோலப் பெல்ட்டில் போய்க்கொண்டே இருக்கும். காதருகே வாய்வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லாமே கைஜாடைதான். கட்டைவிரலை வாய்க்கு நேரே சாய்த்தால் டீ. இரண்டு கையையும் குறுக்கே போட்டால் நிறுத்து. முஷ்டியை மடக்கித் தலைக்கு மேல் சுற்றினால், பெல்ட் ஓடுது, கிட்ட வராதே.

இந்தக் கடைசி ஜாடை குவார்ட்டர்ஸுக்குள்ளும் குடிவந்துவிட்டது. சாமியம்மாள் கோபமாகப் பாத்திரம் உருட்டும் நாளில், பள்ளிக்கூடம் விட்டு வருகிற இசைப்பிரியாவுக்கு அவர் வாசலிலேயே நின்று முஷ்டியைச் சுற்றிக் காட்டுவார். பிள்ளை வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு பின்வாசல் வழியாக நுழையும். பிற்பாடு சாமியம்மாளும் கற்றுக்கொண்டாள். அவர் நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்கும்போது, தெருவில் கத்தி விளையாடும் பிள்ளைகளைப் பார்த்து அவளும் முஷ்டியைச் சுற்றுவாள். அந்தப் பிளாக் முழுக்க அதற்கு அர்த்தம் தெரியும். இப்போது நினைத்தால் அந்தத் தெருவும், இருபக்கமும் கூடிநின்ற மரங்களும், ஷிப்ட் பஸ்ஸின் ஹாரனும், சாம்பல் படிந்த ஜன்னல் கம்பியும் அவருக்கு நெஞ்சுக்குள் வந்து நிற்கும்.

ஆனால் அவர் ஏங்கியது அதற்கெல்லாம் மேலான ஒன்றுக்கு.

இசைப்பிரியாவுக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு பையன் இருந்தான். நிலவன் என்று பேர். நாலு வயசில் வந்த காய்ச்சல் மூளைக்கு ஏறி, மூன்றாம் நாள் போய்விட்டான். சாமியம்மாள் தரையில் விழுந்து புரண்டாள். "நீ கல்லாட்டம் நில்லுடா. நீ தாங்கினாத்தான் அவ தாங்குவா" என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவரும் கல்லாக நின்றார். காரியம் முடிந்ததும் வேலைக்குப் போனார். கான்ட்ராக்ட்காரனுக்கு ஏது லீவு?

அன்று டிரைவ் ஹெட்டில் பெல்ட் கிளம்பியது. சிந்திய மண்ணை வாரக் குனிந்தவருக்கு வாய் தானாகத் திறந்தது. "நெலவா" என்று கத்தினார். தொண்டை கிழியக் கத்தினார். ஒரு கை தூரத்தில் முதுகைக் காட்டி நின்ற கூட்டாளி செங்குட்டுவன் திரும்பக்கூட இல்லை. அவர் கத்தியது அவருக்கே கேட்கவில்லை. உலகத்தில் ஒருத்தருக்கும் கேட்காத இடம் தனக்கு ஒன்று கிடைத்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

அந்தச் சமயத்தில் டவுன்ஷிப் சபையிலிருந்து சில பெண்கள் தினமும் வந்து சாமியம்மாளோடு பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். கஞ்சி வைத்துக் கொடுத்து, தலைவாரிவிட்டுப் போவார்கள். அப்படித்தான் இருவரும் ஆண்டவரிடம் வந்தார்கள். பேரை மாற்றத் தேவையில்லை என்று போதகர் சொல்லிவிட்டதால் பழைய பேரோடுதான் ஞானஸ்நானம் எடுத்தார்கள். "பொண்டாட்டியச் சாமின்னு கூப்புடற கிறிஸ்தவன் நெய்வேலியிலயே நான் ஒருத்தன்தான்" என்று வைத்திலிங்கம் சொல்லிச் சிரிப்பார்.

அதற்குப் பிறகு பெல்ட்டருகே அவர் கத்துவது மெல்ல மெல்ல அழுகையாகி, அழுகை ஓய்ந்து பேச்சானது. "அப்பா" என்று ஆரம்பிப்பார். "நெலவன் சாப்ட்டானா? இன்னைக்கு இன்னா சேட்டை பண்ணான்? மத்தப் புள்ளைங்களோட சண்டை போட்டா ரெண்டு போடுங்க, தப்பில்ல." ஒவ்வொரு ஷிப்டிலும் இதுதான் ஜெபம். பதில் என்று ஒரு சொல்லும் வந்ததில்லை. ஆனாலும் கேட்டு முடித்ததும் நெஞ்சுக்குள் நல்லதண்ணிக் கிணறுபோல ஒரு குளிர்ச்சி பரவும். அத்தனை இரைச்சலுக்கு நடுவில், தூசு மண்டிய அந்த இடத்தில், அவர் கதவு சாத்திய அறைக்குள் இருப்பார். சபையில் வாய்விட்டு ஜெபிக்கச் சொன்னால் மட்டும் தலையைக் குனிந்துகொள்வார். நல்ல மனுசன், கூச்ச சுபாவம் என்று சபையார் விட்டுவிட்டார்கள்.

இப்போது பெல்ட் இல்லை. அறையும் இல்லை.

இடம் மாற்றிப் பார்த்தார். ஆராதனை இல்லாத நாளில் ஆலயத்துக்குப் போய் உட்கார்ந்தார். ஆலயத்தைப் பெருக்கி மணியடிக்கிற கோயில்குட்டி வந்து, "ஐயா, ஃபேன் போடட்டுமா?" என்று கேட்டான். முந்திரித் தோப்புக்குப் போனார். ஒரு சருகு விழுந்தாலும் கேட்டது. யாரோ வருகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்ததுதான் மிச்சம். கடைசியில் ஒருநாள் சைக்கிளை மிதித்துக்கொண்டு, ரோட்டுக்கு மேலே கன்வேயர் கடந்துபோகும் இடத்துக்கே போய் நின்றுவிட்டார். அந்தப் பக்கம் பைக்கில் வந்த செங்குட்டுவன் பார்த்துவிட்டார்.

"யோவ் வைத்தி, இன்னாய்யா இங்க நிக்கிற? எதனா தொலைச்சிட்டியா?"

"சும்மாதான். பெல்ட்டு சத்தம் கேட்டு நாளாச்சு."

"நாங்கள்லாம் எப்படா சத்தம் ஓயும்னு ரிட்டையர்டு ஆனோம். நீ இன்னாடான்னா, அத்துவுட்ட பொண்டாட்டி வூட்டு வாசல்ல வந்து நிக்கிற மாதிரி நிக்கறியே!"

வைத்திலிங்கம் சிரித்து மழுப்பிவிட்டு சைக்கிளைத் திருப்பினார். வழியெல்லாம் கண்ணில் நீர் முட்டியது. ஆண்டவர் சுரங்கத்திலேயே நின்றுவிட்டாரா? தன்னை மட்டும் செட்டில்மென்ட் கொடுத்து அனுப்பிவிட்டாரா?

வீட்டுக்கு வந்ததும் சாமியம்மாள் பிடித்துக்கொண்டாள். "ஊர் சுத்தினது போதும். அரிசி ஊறிக் கெடக்குது, எனக்குக் கை வலி. மெசின் ஓட்டுன ஆளாச்சே, மாவையாவது ஆட்டுங்க."

ஒரு போனஸில் வாங்கிய பழைய பெரிய கிரைண்டர் அது. ஓடினால் தெருக்கோடி வரை கேட்கும். பின்கட்டில் அதன் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து சுவிட்சைப் போட்டார். கடகடவென்று கல் சுற்றியது. பெல்ட் இழுத்தது. ஆமாம், அதிலும் ஒரு பெல்ட்! அவர் உடம்பு சிலிர்த்தது. வாய் தானாகத் திறந்தது.

"அப்பா..."

வந்துவிட்டது. இத்தனை நாள் அடைபட்டுக் கிடந்தது மடை திறந்தாற்போல் வந்தது. மாவு பொங்கி, வழித்தெடுத்து, கல்லைக் கழுவின பிறகுதான் எழுந்தார்.

மறுநாள் அவராகவே கேட்டார். "அரிசி ஊறப்போட்டியா?"

"நேத்து மாவே நாலு நாளைக்கு வரும்."

"பரவால்ல, போடு."

அன்றிலிருந்து சாமியம்மாளுக்குச் சோதனைதான். காலையில் இட்லி, ராத்திரி தோசை, மத்தியானம் பணியாரம். பானையில் மாவு புளித்துப் பொங்கி வழிந்தது. பக்கத்து வீட்டுச் சந்திரகலா தினமும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வரப் பழகிவிட்டாள்.

"அக்கா, அண்ணன் ஓட்டல் வெக்கப் போறாரா?"

"யாரு கண்டா? அறுபது வயசுல அந்த மனுசனுக்கு மாவுப் பைத்தியம் புடிச்சிருக்குது. எடுத்துக்கினு போ."

அது ஆடி மாசம். ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற நெய்வேலிக்குப் பக்கத்திலேயே இருந்தாலும், ஆடிக் காற்றில் முந்திரிக் கிளை கம்பிமேல் விழுந்தால் வடக்குத்திலும் கரண்ட் போகத்தான் செய்யும். அன்று சாயங்காலம் வைத்திலிங்கம் கண்ணை மூடி, சத்தமாக, முகமெல்லாம் நனைய ஜெபித்துக்கொண்டிருந்தார். கிரைண்டர் சட்டென்று நின்றது. அவர் நிற்கவில்லை.

"...நெலவன் இப்ப பெரிய மீசையா வெச்சிருப்பானாப்பா? அவனுக்கு எங்க ஞாபகம் இருக்குதா? அவங்கம்மா மடியில படுத்துத் தூங்குவானே, அது ஞாபகம் இருக்குதா?"

தன் குரல் தன் காதில் விழுந்ததும் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். வாசற்படியில் சாமியம்மாள், கையில் உளுந்துக் கிண்ணத்தோடு.

அவள் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார். வயசான காலத்தில் வந்த அவமானம் என்று நினைத்தார்.

"புள்ள போனப்போ நீங்க ஒரு சொட்டுக் கண்ணீர் விடலன்னு நெனைச்சிக்கினு இருந்தேன்" என்றாள் சாமியம்மாள். "இத்தினி வருசமா. கல்லு மனுசன்னு உள்ளுக்குள்ள திட்டிக்கினே சோறு போட்டேன்."

"பெல்ட்டாண்ட அழுதேன், சாமி. தெனம் அழுதேன்."

"எனக்குக் கேக்காத எடமா பாத்து."

"நீ ஒடைஞ்சிடுவன்னு சொன்னாங்க."

"நீங்க அழாததுலதான் நான் ஒடைஞ்சேன்."

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, கிரைண்டருக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"உம், கேளுங்க. எதுக்கு நிறுத்திட்டீங்க?"

"கரண்ட் வரட்டுமே..."

"கரண்ட்டு இன்னாத்துக்கு? நான்தான் கேட்டுட்டனே. இனிமே யாருக்கு ஒளிக்கணும்?"

அவர் கண் கிரைண்டர் சுவிட்சுக்குப் போனது. அவளே கேட்டாள், வெகு சன்னமாக. "அப்பா, எங்க நெலவன் சாப்ட்டானா?"

வைத்திலிங்கத்துக்குத் தூக்கிப் போட்டது. அதே வார்த்தை. எத்தனையோ ஷிப்டுகளில் அவர் இரைச்சலுக்குள் கேட்ட அதே கேள்வி. இந்தக் கிழவியும் அடுப்படியில் நின்று, கரண்டியை நிறுத்தி, ஆண்டவரிடம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

பதில் எப்போதும்போல வரவில்லை. குளிர்ச்சி வந்தது. கல் ஓடாத, மோட்டார் உறுமாத அந்தப் பின்கட்டில், பாதி ஆட்டின மாவின் வாசனைக்கு நடுவில் வந்து நெஞ்சை நிறைத்தது. முக்காலியை விட்டு இறங்கி முழங்கால் போட்டார்; காது கேட்க, வாய்விட்டு, "அப்பா" என்று ஆரம்பித்தார்.

வாசலில் தூக்குச் சத்தம் கேட்டது. "அக்கா, மாவு ஆச்சா?" என்று சந்திரகலா உள்ளே வந்தாள்.

சாமியம்மாள் எழுந்திருக்கவில்லை, வாயும் திறக்கவில்லை. கண்ணை மூடியபடியே வலது முஷ்டியை மடக்கித் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

சந்திரகலாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நின்றுபோன கிரைண்டரைப் பார்த்தாள், முழங்கால் போட்டிருந்த மனிதரைப் பார்த்தாள். என்ன தோன்றியதோ, தூக்கைச் சத்தம் வராமல் மார்போடு அணைத்துக்கொண்டு, வந்த வழியே மெல்லத் திரும்பிப் போனாள்.